ஒரே தோட்டம், ஒரே சம்பள நாள்: லயத்து மக்கள் நடத்தும் ஒரு கடன் சங்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) மக்கள் தாங்களே நடத்தும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. கடன் விபரம் வெளியே போகக்கூடாது என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் தோட்டத்தின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் எழுதவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்க உதவுகிறவன் என்ற முறையில் அதன் பேரேடு எனக்கு நல்ல பழக்கம்.

2022 இல் இந்தச் சங்கம் மூடப்படும் நிலைக்கு வந்தது. யாரும் பணத்தோடு ஓடவில்லை. பொருளாளரின் கணக்கு சதம் பிசகாமல் இருந்தது. வட்டியும் நியாயமான வட்டிதான். அப்படியிருந்தும் ஏன் தடுமாறியது, எப்படித் தப்பியது என்பதுதான் இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நெருக்கம் இந்தச் சங்கத்தை நம்பிக்கைக்குரியதாக ஆக்கியதோ, அதே நெருக்கம்தான் ஆபத்துக் காலத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் விழ வைத்தது. தோட்டப்புறத்தில் கடன் சங்கம் அமைக்க நினைக்கிறவர்கள் வட்டி வீதத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சங்கம் வந்த வழி

மலையகத்தில் கடனின் வயது மக்களின் வயதேதான். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவையே முதல் கடனாக எழுதிக்கொண்டார். தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவர் பெயரில் உள்ள கடனை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை எடுக்கலாம். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடைப்பற்றும் வட்டிக்காரரும் நகை அடகும் ஒழியவில்லை.

இதே மலைநாட்டில்தான் இலங்கையின் கடன் கூட்டுறவும் பிறந்தது. கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில் 1906 இல் முதல் சங்கம் தொடங்கியது. 1911 இல் கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் 1864 இல் ரைஃபைசன் தொடங்கிவைத்த முறைதான் அதற்கு வழிகாட்டி: ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்வது. இடையில் சோர்ந்துபோன இந்த இயக்கத்துக்கு 1978 இல் கேகாலை மாவட்டத்து வல்கமவில் பி.ஏ. கிரிவந்தெனிய மறுபடி உயிர் கொடுத்தார். சணச என்ற பெயரில் அது நாடெங்கும் பரவி, 1997 இல் தனக்கென ஒரு வங்கியையும் அமைத்துக்கொண்டது.

ஆனால் இதெல்லாம் கிராமத்தை மையமாக வைத்து வளர்ந்தது. தோட்டம் கிராமக் கணக்கில் சேரவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அது தீர்ந்து முடிய 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. லயத்து அறைக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறைக்கு, உறுதிப்பத்திரம் கிடையாது. கடிதம்கூட தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். உறுதியும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் வங்கியில் எதைப் பிணை வைப்பது?

நான் எழுதும் சங்கம் ஒரு மரணாதார சங்கத்திலிருந்து முளைத்தது. தோட்டப்புறத்தில் மரணாதார சங்கம் இல்லாத டிவிசனைக் காண்பது அரிது. ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் தேநீருக்கும் அது உடனே காசு கொடுக்கும். இங்கே அந்தப் பணத்தை வசூலித்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். செலவு போக மிஞ்சிய காசை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை, பாடசாலைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால் கைமாற்றாகக் கொடுத்தார்கள். கொடுத்தது திரும்பி வந்தது. சரி, இதையே முறையாகச் செய்யலாமே என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்ல, கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவு செய்தார்கள்.

வட்டிக் கணக்கு

விதிகள் எளிமையானவை. பங்கு ஒன்று 100 ரூபாய். மாதாமாதம் முடிந்த தொகையைச் சேமிக்க வேண்டும். ஆறு மாதம் விடாமல் சேமித்தவருக்கு, சேமிப்பின் மூன்று மடங்கு வரை கடன். இரண்டு உறுப்பினர்கள் பிணை நிற்க வேண்டும். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று, அதுவும் மீதி நிற்கும் கடனுக்கு மட்டும்.

இந்த ‘மீதிக்கு மட்டும்’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 50,000 ரூபாய் கடனை எடுத்துக்கொள்வோம், பன்னிரண்டு மாதத் தவணை. சங்கத்தில் முதல் மாத வட்டி 500 ரூபாய். கடைசி மாதம் 42 ரூபாய் அளவில் வந்து நிற்கும். வருடத்துக்கு மொத்த வட்டி 3,250 ரூபாய். நூற்றுக்குப் பத்து வாங்கும் வட்டிக்காரரிடம் அதே 50,000 வாங்கினால், மாதம் 5,000 வட்டிக்கே போய்விடும். வருடத்தில் 60,000 கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும்.

இவை இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கணக்கு உண்டு. அதில்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். ‘வருடத்துக்கு 24 வீதம்தான்’ என்று சொல்லி, முழுத் தொகைக்கும் முழு வருட வட்டியைக் கூட்டிப் பன்னிரண்டாகப் பிரித்துத் தவணை போடுவார்கள். 50,000க்கு 12,000 வட்டி. மாதத் தவணை 5,167. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே கடனைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம்; வருடம் முழுவதும் 50,000 ரூபாய் நம் கையில் இருப்பதில்லை. உண்மையில் கையில் இருந்த பணத்துக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது ஆண்டுக்கு 41 வீதத்தைத் தாண்டும். சங்கத்தின் மாத ஒரு வீதத்தை அதே முறையில் பார்த்தால் ஆண்டுக்கு 12. சங்கச் செயலாளர் இந்தக் கணக்கை ஒரு கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். புதிதாகக் கடன் கேட்டு வருகிறவரை அதன் முன்னால் உட்கார வைத்து, தவணை தவணையாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் விண்ணப்பத்தைக் கையில் கொடுப்பார்.

சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு

பத்தாம் திகதி அளவில் சம்பளம். அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) சங்கம் கூடும். சின்னப் பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மேசை, மூன்று கதிரை. பொருளாளர் காசை எண்ணுவார், செயலாளர் பேரேட்டில் எழுதுவார், குழு உறுப்பினர் ஒருவர் ஆளின் சொந்தக் கொப்பியில் எழுதுவார். பேரேடும் கொப்பியும் ஒரே கையில் எழுதப்படக்கூடாது என்பது விதி. எழுதி முடிந்ததும் சேமிப்புத் தொகையைச் சத்தமாக வாசிப்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் பலர் இருக்கிறார்கள். தங்கள் கணக்கு எவ்வளவு என்று அவர்களுக்கு மனப்பாடம். ஐம்பது ரூபாய் குறைந்தாலும் “இல்ல சாமி, போன மாசம் கூட்டித்தான் சொன்னீங்க” என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இதைவிட நல்ல கணக்காய்வை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் கடன் மீதியையும் சத்தமாக வாசித்தார்கள். அதை நிறுத்தும்படி கேட்டவர்கள் இளம் பெண்கள். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். கடன் தொகையும் ஊருக்கே தெரிந்துவிட்டால் அடுத்த நாள் மலையில் அதுதான் பேச்சாகிவிடும். இப்போது கடன் மீதியைக் கடன்காரருக்கும் பிணை நின்ற இருவருக்கும் மட்டும் காட்டுகிறார்கள். சரியான மாற்றம். கூட்டுறவு என்பதற்காக மனிதர்களின் மானத்தைப் பொதுவில் வைக்கத் தேவையில்லை.

கடன் குழு எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு உதாரணம். மகள் பெரியபிள்ளையாகி, சடங்கு வைக்க 75,000 ரூபாய் கேட்டு ஒரு தாய் வந்தார். அந்தளவு கடனுக்குத் தேவையான சேமிப்பும் அவருக்கு இருந்தது. குழுவில் இருந்த மூத்த பெண் வட்டியைப் பற்றியோ பிணையைப் பற்றியோ பேசவில்லை.

“தங்கச்சி, போன மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு?”

“பதினேழுக்கா. அதுல நாலு அரைப்பேரு.”

“தீபாவளி அட்வான்ஸ் இன்னும் வெட்டுறாங்களா?”

“ஆமாக்கா, மூணு மாசம் இருக்கு.”

“அப்போ மூணு மாசத்துக்குக் கையில வர்றது சாமானுக்கே பத்தாது. இப்போ நாப்பது எடு. அட்வான்ஸ் முடிஞ்சதும் வேணும்னா மறுபடி வா. சடங்குக்கு நாங்களும் வந்து சமைச்சுத் தர்றோம்.”

அவர் 40,000 எடுத்தார். வங்கி உத்தியோகத்தர் ஒருவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றியிருக்காது. ‘பேர்’ என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் பாதிப் பேர்தான் போடுவார்கள். சம்பளச் சீட்டின் மேல்பக்கத்தில் உள்ள தொகையை வைத்து யாருடைய சக்தியையும் அளக்க முடியாது. அரைப்பேர் எத்தனை, முற்பணம் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று தெரிய வேண்டும். பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவருக்கு அது கேட்காமலே தெரியும். அந்த அறிவுதான் இந்தச் சங்கத்தின் உண்மையான மூலதனம். பல வருடங்களாகத் தவணை தவறுவது அபூர்வமாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

2021, 2022

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. பல வருடப் போராட்டத்தின் பலன் அது. சங்கத்திலும் அந்த மாதம் சேமிப்பு ஏறியது. ஆனால் சம்பளம் கூடியதோடு ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைந்தன. அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. தேயிலைச் செடிக்கு உரம் இல்லை என்றால் அடுத்த நாளே தெரியாது. மெல்ல மெல்லக் கொழுந்து குறையும். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் பாதிப்பு அடுத்த வருடத்துக்கும் நீண்டது. 2021 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ. 2022 இல் அது 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது.

மலையில் கொழுந்து இல்லை என்றால் எவ்வளவு கைவேகம் இருந்தாலும் கிலோ நிறையாது. அரைப்பேர்கள் கூடின. அதோடு 2022 இன் விலைவாசி சேர்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. தோட்டத்து வீடுகளில் காலையும் இரவும் ரொட்டிதான். கோதுமை மாவின் விலை ஏறியபோது பல வீடுகளில் இரவு அடுப்பு எரியவில்லை.

இப்போது பேரேட்டைப் பாருங்கள். ஒரே மாதங்களில் மூன்று விஷயங்கள் நடந்தன. சேமிப்பு போடுவது நின்றது. போட்ட சேமிப்பை எடுக்க வந்தார்கள். கடன் தவணை தவறியது. இவை வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு நேரத்தில் நடந்திருந்தால் சங்கம் தாங்கியிருக்கும். ஒருவர் எடுப்பதை இன்னொருவர் போடுவது ஈடுசெய்யும். எந்தக் கடன் சங்கமும் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. இங்கே எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே மலை, ஒரே சம்பள நாள். மழை பெய்தால் எல்லோருக்கும் நல்ல மாதம், கொழுந்து குறைந்தால் எல்லோருக்கும் கெட்ட மாதம். பிணை நின்ற இருவருக்கும் அதே கதிதான். கடன்காரர் கட்ட முடியாத மாதத்தில் பிணைக்காரர் கையிலும் காசு இருக்காது. பிணை என்ற ஏற்பாடே அர்த்தமற்றுப் போயிற்று.

சேமிப்பின் பெரும்பகுதி கடனாக வெளியே நின்றது. வங்கியில் இருந்த வைப்பு மிகச் சிறியது. நல்ல வருடங்களில் லாபம் வந்தபோது அதை ஒதுக்கு நிதியில் சேர்க்காமல், புத்தாண்டுக்குப் பாத்திரமும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் வாங்கிப் பகிர்ந்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இல்லாதவர்கள் வீட்டுக்கு வருடத்தில் ஒரு முறை வரும் புதுப் பாத்திரத்தின் சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த லாபத்தில் பாதியாவது ஒதுக்கில் இருந்திருந்தால் 2022 இன் பாதிச் சிக்கல் வந்திருக்காது என்பதும் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

எடுத்த முடிவுகள்

விசேட பொதுக்கூட்டம் கூட்டினார்கள். இருட்டும் வரை சண்டை. சேமிப்பு அதிகம் வைத்திருந்த சிலர், அதில் பெரும்பாலோர் ஓய்வூதியமோ பிள்ளைகள் அனுப்பும் காசோ உள்ளவர்கள், முழுப் பணத்தையும் எடுத்துவிட நினைத்தார்கள். விலைவாசி ஏறும்போது சங்கத்தில் கிடக்கும் பணம் கரைகிறது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டி வீதங்களை 7 வீதப் புள்ளிகள் கூட்டியிருந்தது. வெளியே வங்கிகளில் நிலையான வைப்புக்கு நல்ல வட்டி கிடைத்தது. அவர்கள் எடுத்துப்போனால், மற்றவர்களுக்குக் கொடுக்கப் பெட்டியில் எதுவும் மிஞ்சாது.

கடைசியில் வாக்கெடுப்பில் வந்த முடிவு இது. ஒரு உறுப்பினர் மாதத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல் சேமிப்பிலிருந்து எடுக்க முடியாது. சேமிப்பு இரண்டாயிரம் உள்ளவருக்கும் இரண்டு இலட்சம் உள்ளவருக்கும் அதே எல்லை. மருத்துவச் செலவுக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு. புதிய பெரிய கடன் எதுவும் இல்லை. மாவுக்கும் மருந்துக்கும் 5,000 ரூபாய் வரை சிறுகடன் மட்டும். பழைய கடன்காரர்கள் ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டினால் போதும்.

பெரிய சேமிப்பாளருக்கு இது அநியாயம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேமிப்பின் விகிதப்படி எடுக்க விட்டிருந்தால், பெட்டியில் இருந்த கொஞ்சக் காசும் அந்த மாதம் பசியோடு இல்லாதவர்களிடம்தான் போயிருக்கும். சங்கம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அன்று கைதூக்கியவர்கள் பதில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் முடிவைத் திருப்பியவர் பழைய ஆசிரியர்தான். சங்கத்தில் அதிகச் சேமிப்பு அவருடையது. “என் காசு இங்கேயே கிடக்கட்டும். ஒரு வருஷம் நான் கேட்க மாட்டேன்” என்று எழுந்து சொன்னார். அதன்பிறகு மற்றவர்களால் அதிகம் பேச முடியவில்லை.

வட்டி மட்டும் கட்டினால் போதும் என்ற சலுகையின் பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. முதல் சில மாதம் அதையும் கட்டாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. தவணை கட்ட முடியாத வெட்கத்தில் ஒருவர் வராமல் போனால், அவர் திரும்பி வருவது கடினம். கடன் சங்கங்கள் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இங்கே இருபது ரூபாய் கொண்டுவந்தாலும் கொப்பியில் எழுதி அனுப்பினார்கள்.

கிழமைக் கடன் கொடுக்கிறவர்கள்

சங்கம் பெரிய கடனை நிறுத்திய மாதங்களில் வெற்றிடத்தை நிரப்ப வேறு ஆட்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து, ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அன்றைக்கே பணத்தைக் கையில் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். கட்டும் வரை வாசலை விட்டு ஆள் நகராது.

நுண்கடன் இலங்கைப் பெண்களுக்கு என்ன செய்தது என்பது புதிய செய்தி அல்ல. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் கொடுத்தது. அதே வருடம் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போனதாகச் சொன்னார்.

மாதச் சம்பளக்காரருக்குக் கிழமைத் தவணை என்பதே தவறான ஏற்பாடு. சம்பளம் பத்தாம் திகதி. முதல் கிழமைத் தவணை கட்டுவதற்கு அதில் காசு இருக்கும், மூன்றாம் நான்காம் கிழமைக்கு இருக்காது. அப்போது சங்கத்துக்கு வந்து சிறுகடன் கேட்டார்கள், மாவுக்கு என்று சொல்லி. அது கிழமைக்காரரிடம் போனது. குழு இதைச் சீக்கிரமே கண்டுபிடித்தது. பக்கத்து வாசலில் யார் வந்து நிற்கிறார் என்பது தெரியாமல் இருக்குமா?

முதலில் கடுமையாக நின்றார்கள்: கிழமைக் கடன் எடுத்தவருக்குச் சங்கத்தில் எதுவும் இல்லை. இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அது நொந்தவரை மேலும் தள்ளிவிட்டது. சிலர் ஒரு குழுக் கடனைக் கட்ட இன்னொரு குழுவில் சேர்ந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு பாதையை மாற்றினார்கள். ஒருவரின் கிழமைக் கடன் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, மீதியைக் கணக்கிட்டு, சங்கமே நேராகப் போய் அந்தக் கடனை முடித்து, அந்தத் தொகையைச் சங்கக் கடனாக மாற்றி எழுதுவது. பணம் உறுப்பினர் கையில் போகாது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தக் கடன் முடியும் வரை வேறு குழுவில் கையெழுத்து வைக்கக்கூடாது. பெட்டியில் இருந்ததை வைத்து ஒரு நேரத்தில் ஓரிருவரைத்தான் மீட்க முடிந்தது. யார் முதலில் என்பதற்கு, பாடசாலை போகும் பிள்ளைகள் உள்ள வீடு முதலில் என்று வரிசை வைத்தார்கள்.

எல்லோரையும் மீட்கவில்லை. இரண்டு குடும்பங்கள் இரவோடு இரவாக லயத்தைப் பூட்டிவிட்டுக் கொழும்புப் பக்கம் போய்விட்டன. அவர்களுடைய சங்கக் கடனும் அப்படியே நிற்கிறது. பிணைக்காரர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார்கள். பேரேட்டில் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இனி யாரைச் சேர்ப்பது

2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகு சேமிப்பு மறுபடி வரத் தொடங்கியது. எடுப்பதற்கான எல்லையை நீக்கினார்கள். லாபத்தில் பாதி ஒதுக்குக்குப் போக வேண்டும், ஒதுக்குப் பணம் தோட்டத்துக்கு வெளியே வங்கி வைப்பில் இருக்க வேண்டும் என்று துணைவிதியைத் திருத்தினார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது அந்தத் திருத்தம்தான்.

அது பயன்பட அதிக காலம் எடுக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. இந்த டிவிசனில் லயம் எதுவும் மண்ணுக்குள் போகவில்லை, ஆனால் பாதை அடைபட்டு வேலை நின்றது. மறுபடி எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் இல்லை. பாதை திறந்ததும் வெளியே இருந்த வைப்பை உடைத்து, 5,000 ரூபாய்ச் சிறுகடன் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். இந்த முறை எடுப்பதற்கு எல்லை போட வேண்டி வரவில்லை.

ஆனால் ஒதுக்கு நிதி மட்டும் போதாது. ஒரே வருமானத்தில் வாழும் ஆட்கள் சேர்ந்து எவ்வளவு சேமித்தாலும், நீண்ட கெட்ட காலத்தை அது தாங்காது. வேறு வருமானம் உள்ள உறுப்பினர்கள் வேண்டும். அவர்கள் தூரத்தில் இல்லை. இந்த லயங்களின் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், சிலர் ஆசிரியர்கள். கீழே மரக்கறித் தோட்டம் செய்கிறவர்களும் ஓட்டோ ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் இவர்கள் வருமானம் குறைய வேண்டும் என்றில்லை.

போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது மூத்த பெண்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய காரணம் வலுவானது. கொழும்பில் இருக்கிற பையன் எத்தனை நாள் வேலைக்குப் போனான் என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கு யார் பிணை நிற்பது? மாதக் கூட்டத்துக்கு வராதவன் கணக்கை யார் சத்தமாக வாசிப்பது? சங்கத்தைக் காப்பாற்றி வந்த அறிவு லயத்து எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் அவர்களும் வங்கியைப் போலச் சீட்டைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும்.

இளைஞர்கள் ஒரு வழி சொன்னார்கள், நானும் அதை ஆதரித்தேன். வெளியே வேலை செய்யும் பிள்ளைகள் சேமிப்பு உறுப்பினர்களாக மட்டும் சேரட்டும். வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் காசு அனுப்பட்டும். கொப்பி தாயிடமோ தகப்பனிடமோ இருக்கட்டும், அவர்கள் கூட்டத்துக்கு வந்து கணக்கைக் கேட்கட்டும். இரண்டு வருடம் இப்படி நடந்த பிறகு, லயத்தில் இருக்கும் குடும்பத்தார் பிணை நின்றால் கடன் கொடுக்கலாம். கெட்ட காலத்தில் தாய் எடுக்கும் மாதம் மகன் போடுவான். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு வருமானமும் சங்கத்துக்குள் வந்துவிடும்.

வாக்கெடுப்பில் சேமிப்பு உறுப்பினர் என்ற பகுதி மட்டும் நிறைவேறியது. கடன் கொடுக்கும் பகுதியை ஒத்திவைத்தார்கள். வெளியே இருந்து சேர்ந்தவர்களின் கொப்பிகளுக்குப் பேரேட்டில் தனிப் பகுதி திறந்திருக்கிறோம். அதில் முதல் பெயர், சடங்குக்கு 40,000 எடுத்த அந்தத் தாயின் மூத்த மகனுடையது. வத்தளையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறார்.